திறன்பேசியும் மருத்துவக் கல்வியும்

நுழையும்முன்

மருத்துவராக வேண்டும் என்னும் கனவு பதினொன்றாம் வகுப்பு மாணவர் பலருக்கும் உண்டு. அக்கனவு நனவாகிக் கல்லூரிக்குள் நுழைபவர், கற்க வேண்டியவற்றின் மிகுதியையும் கையிலுள்ள திறன்பேசியின் ஈர்ப்பையும் ஒரே நாளில் எதிர்கொள்கிறார். சமூக ஊடகம் அவருடைய கல்வியைக் குலைக்கிறதா, வளர்க்கிறதா? கவனம், நினைவாற்றல் ஆகியவை குறித்த அறிவியலின் துணையோடு இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

முதலாண்டின் சுமை

மருத்துவ இளநிலைப் பட்டப்படிப்பு நம் நாட்டில் நான்கரை ஆண்டுகள் நடைபெறும். அதன்பின் ஓராண்டு மருத்துவமனையில் கட்டாயப் பயிற்சி. முதற்கட்டத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்றும் முதன்மைப் பாடங்கள். வளர்ந்த மனிதரின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. மூளையிலிருந்து 12 இணை நரம்புகளும் தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் புறப்படுகின்றன. இவற்றின் பெயர்களை அறிவது தொடக்கம் மட்டுமே. ஓர் எலும்பில் எந்தத் தசை எங்கே ஒட்டியுள்ளது, அத்தசையை இயக்கும் நரம்பு எது, அந்நரம்பு அறுபட்டால் எந்த அசைவு நின்றுபோகும் என ஒன்றிலிருந்து ஒன்றாக விரிந்து செல்லும் அறிவு அது.

பகலில் வகுப்பு, உடற்கூறியல் கூடம், ஆய்வகம். வகுப்புரைகளுக்கு 75 விழுக்காடும் செய்முறைகளுக்கு 80 விழுக்காடும் வருகை இருந்தால்தான் தேர்வெழுத இயலும். மாலையில் விடுதி அறைக்குத் திரும்பும் மாணவருக்கு எஞ்சுபவை சில மணி நேரங்களே. அந்நேரத்தில்தான் மேசைமீதுள்ள திறன்பேசி ஒளிர்கிறது. வாட்ஸ்அப் என்னும் புலனத்தின் வகுப்புக் குழுவில் நாளைய வகுப்பு இடம் மாறிய செய்தி வந்திருக்கும். பேராசிரியரின் படவிளக்கங்களோ மூத்த மாணவரின் குறிப்புகளோ வந்திருக்கும். அவற்றைப் பார்க்கத் திறந்த விரல், அடுத்த நொடியே இன்ஸ்டாகிராமிலோ யூடியூபிலோ நிற்கக்கூடும். பாடத்தின் வாயிலும் பொழுதுபோக்கின் வாயிலும் ஒரே கருவியில் அமைந்துவிட்டன. திறன்பேசியைத் தூக்கி எறியுங்கள் என்னும் அறிவுரை மருத்துவ மாணவரிடம் எடுபடாமைக்கு இதுவே காரணம். எறிந்துவிட்டால் நாளைய வகுப்பு எங்கே நடக்கிறது என்பதே அவருக்குத் தெரியாமல் போகும்.

மணிக்கணக்கும் மதிப்பெண்ணும்

சமூக ஊடகம் மதிப்பெண்ணைக் குறைக்கிறதா என்னும் வினாவை இந்தியா, பாகிஸ்தான், சவூதி அரேபியா முதலிய பல நாடுகளின் மருத்துவக் கல்லூரிகள் தம் மாணவரிடமே கேட்டுள்ளன. பெரும்பாலும் வினாப்படிவம் ஒன்றை அளித்து, நாள்தோறும் எத்தனை மணி நேரம் ஊடகத்தில் செலவிடுகிறீர்கள், கடந்த தேர்வில் பெற்ற மதிப்பெண் என்ன என்று குறிக்கச் செய்வர். பின்னர் இரண்டையும் ஒப்பிடுவர். கிடைத்த முடிவுகள் ஒருமித்தவையாக இல்லை. சிலவற்றில் நேரம் கூடக்கூட மதிப்பெண் குறைகிறது. சிலவற்றில் அத்தகைய தொடர்பு தென்படவில்லை.

இம்முடிவுகளைப் படிப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். ஊடகத்தில் மிகுதியாக நேரம் செலவிட்டவர்கள் குறைந்த மதிப்பெண் பெற்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊடகத்தால் மதிப்பெண் குறைந்திருக்கலாம். பாடம் புரியாமல் மனம் சோர்ந்தவர் ஆறுதல் தேடி ஊடகத்திற்குள் சென்றிருக்கவும் கூடும். வீட்டைப் பிரிந்த ஏக்கமோ உறக்கமின்மையோ இரண்டையும் ஒருசேர உண்டாக்கியிருப்பதும் இயல்பே. ஒரே நாளில் நிரப்பப்பட்ட வினாப்படிவம் இம்மூன்றில் எது உண்மை என்று சொல்லாது. இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து காணப்படுவது வேறு, ஒன்று மற்றொன்றை உண்டாக்குவது வேறு. தலைவலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்த நோயாளியிடம் எது முதலில் வந்தது என்று மருத்துவர் கேட்பாரே, அந்த வினாவை இங்கும் கேட்க வேண்டும்.

மற்றொரு குறையும் உண்டு. எத்தனை மணி நேரம் திறன்பேசியைப் பார்த்தோம் என்பதை நாம் சரியாக அறிவதில்லை. மனிதர் சொல்லும் கணக்கையும் கருவி பதிவு செய்த கணக்கையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து 2021ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியானது. இரண்டு கணக்குகளும் ஓரளவே பொருந்தின என்பது அதன் முடிவு. உங்கள் வீட்டிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். திறன்பேசியின் அமைப்புப் பகுதியில் திரைநேரக் கணக்கு இருக்கிறது. அதனைத் திறப்பதற்கு முன் உங்கள் மதிப்பீட்டை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கணக்கைக் காட்டிலும் பயன்படுத்தும் முறையே முதன்மையானது என்பதை உணர்த்திய ஆய்வும் உண்டு. ரெய்னால் ஜன்கோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1,839 கல்லூரி மாணவர்களின் முகநூல் பயன்பாட்டையும் மதிப்பெண் சராசரியையும் ஒப்பிட்டு 2012ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். முகநூலில் செலவிட்ட நேரம் கூடும்போது மதிப்பெண் குறைந்தது. ஆனால் பயன்பாட்டைப் பகுத்துப் பார்த்தபோது வேறொன்றும் புலப்பட்டது. செய்திகளைத் திரட்டுவதற்கும் பகிர்வதற்கும் முகநூலைப் பயன்படுத்தியவர்களிடம் மதிப்பெண் உயர்வாகவும், பழகிப் பொழுதுபோக்குவதற்குப் பயன்படுத்தியவர்களிடம் தாழ்வாகவும் காணப்பட்டது. இதுவும் காரணத்தைச் சொல்லும் ஆய்வன்று. எனினும், சமூக ஊடகப் பயன்பாடு என்னும் ஒரே சொல்லுக்குள் முரண்பட்ட பல செயல்கள் அடங்கியுள்ளன என்பதை அது தெளிவாக்குகிறது.

சிதறும் கவனம்

அவ்வாறாயின் படிப்புக்கு இடையே திறன்பேசியைப் பார்க்கும்போது மூளையில் என்ன நிகழ்கிறது? சோஃபி லெராய் என்னும் ஆய்வாளர் 2009ஆம் ஆண்டில் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவும்போது நம் கவனம் முழுவதும் உடன் வந்துவிடுவதில்லை. அதன் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. இதனை அவர் கவனத்தின் எச்சம் என்றார். நண்பரின் செய்திக்கு விடை எழுதிவிட்டு நூலுக்குத் திரும்பும் மாணவரின் கண்கள் பக்கத்தில் இருக்கும். நண்பர் என்ன சொல்வாரோ என்னும் எண்ணம் செய்தியிலேயே நின்றுகொண்டிருக்கும். செய்தியைப் பார்க்க ஆனது அரை நிமிடந்தான் என்று அவர் கணக்கிடுவார். விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க ஆன நேரம் அக்கணக்கில் சேர்வதில்லை.

ஒரே நேரத்தில் பலவற்றைச் செய்து பழகினால் அதில் தேர்ச்சி வந்துவிடாதா என்று கேட்கலாம். அதே 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதனைச் சோதித்தனர். பல ஊடகங்களை ஒருசேரப் பயன்படுத்தும் வழக்கமுடையவர்களே, தேவையற்றதை ஒதுக்குவதிலும் ஒரு பணியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதிலும் பின்தங்கினர்.

பத்தாம் வகுப்பில் சதாவதானி செய்குதம்பிப் பாவலரைப் பற்றிப் படித்தவர்களுக்கு இங்கே ஓர் ஐயம் எழும். 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா அரங்கத்தில் அறிஞர் முன்னிலையில் நூறு செயல்களுக்கு ஈடுகொடுத்தவர் அவர். அது எவ்வாறு இயன்றது? அவதானம் என்னும் சொல்லுக்கே கவனம் என்பதுதான் பொருள். அவதானியாரிடம் வினா தொடுப்போர் பலர். ஆயினும் ஒவ்வொரு வினாவையும் நினைவில் ஏற்றி, அதற்குரிய விடையை உரிய இடத்தில் மீட்டெடுத்துத் தருபவர் அவரே. ஆண்டுக்கணக்கான பயிற்சியில் விளைந்த ஆற்றல் அது. திறன்பேசியின் அறிவிப்பொலி கேட்டுத் திரும்பும் நம் கவனம் நாமே செலுத்தியது அன்று, இழுக்கப்பட்டது.

அவ்வாறு இழுப்பதற்கென்றே இச்செயலிகள் வடிவமைக்கப்பட்டுள்ளன என்பதையும் மறக்கலாகாது. உளவியலறிஞர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு செய்த சோதனைகள் புகழ்பெற்றவை. எத்தனை முறை கொத்தினால் தானியம் விழும் என்று தெரியாத நிலையில் வைக்கப்பட்ட புறாக்கள் ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தன. அடுத்த தள்ளலில் சுவையான காணொலி வருமா, வராதா என்று தெரியாமல் திரையைத் தள்ளும் விரலும் ஏறக்குறைய அந்நிலையில்தான் உள்ளது. நூலில் அத்தியாயம் முடியும்; நாளிதழில் பக்கம் முடியும். இத்திரைக்கு முடிவே இல்லை. முடிவிலாத் திரையை 2006ஆம் ஆண்டில் உருவாக்கியவராகக் கருதப்படும் அசா ராஸ்கின், அதன் விளைவுகளுக்காகப் பின்னாளில் வெளிப்படையாகவே வருந்தியவர்.

பார்த்ததும் அறிந்ததும்

கவனச் சிதறலைவிட நுட்பமான இடர் ஒன்றுண்டு. அது பொழுதுபோக்குக் காணொலியில் மட்டுமன்று, பாடக் காணொலியிலும் மறைந்திருக்கிறது.

கைக்குச் செல்லும் நரம்புகளின் பின்னலை எடுத்துக்கொள்வோம். மருத்துவ மாணவர் முதலாண்டில் அஞ்சும் பாடங்களுள் இதுவும் ஒன்று. கழுத்துப் பகுதியின் 5, 6, 7, 8ஆம் நரம்புகளும் மார்புப் பகுதியின் முதல் நரம்பும் இதன் 5 வேர்கள். அவை கூடி 3 தண்டுகளாகின்றன. ஒவ்வொரு தண்டும் இரண்டாகப் பிரிய, 6 பிரிவுகள் உண்டாகின்றன. அவை மீண்டும் சேர்ந்து 3 வடங்களாகி, இறுதியில் 5 பெருங்கிளைகளாகக் கைக்குள் இறங்குகின்றன. ஆலமரத்தின் கிளைகள் பிரிந்து, பின்னர் ஒன்றோடொன்று ஒட்டி, மறுபடியும் பிரிந்தாற்போன்ற அமைப்பு.

இதனை வண்ணப் படங்களுடன் ஒரு நிமிடத்தில் விளக்கும் காணொலிகள் யூடியூபில் எளிதில் கிடைக்கின்றன. ஒன்றைப் பார்த்தவுடன் எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றும். இரண்டாம் முறை பார்த்தால் ஒவ்வொரு கோடும் பழகிய முகமாகத் தெரியும். பின்னர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எதையும் பார்க்காமல் வரைய முயன்றால், மூன்றாம் வடத்தில் கை நின்றுவிடும். கண்டதும் இனங்காண்பது ஒன்று; காணாமலே நினைவிலிருந்து மீட்பது வேறொன்று. முன்னது எளிது, இனிது. பின்னதே தேர்வறையில் வேண்டப்படுவது.

நினைவாற்றலைச் சோதனை முறையில் முதன்முதலாக ஆராய்ந்தவர் ஹெர்மன் எபிங்காஸ் என்னும் செருமானிய அறிஞர். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்று அளந்து, 1885ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஒரு மணி நேரம் கழிவதற்குள் கற்றதன் பயனில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டிருந்தது. அதன்பின் மறதியின் வேகம் தணிந்தது.

மறதியைத் தடுப்பது எது? ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் ஆகிய இருவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது. கல்லூரி மாணவர்களுக்குச் சிறு உரைநடைப் பகுதிகளைப் படிக்கத் தந்தனர். ஒரு பிரிவினர் நான்கு சுற்றுகளிலும் பகுதியைப் படித்தனர். மற்றொரு பிரிவினர் முதற்சுற்றில் மட்டும் படித்துவிட்டு, எஞ்சிய மூன்று சுற்றுகளிலும் பகுதியைப் பாராமல் நினைவில் உள்ளதை எழுதினர். ஐந்து நிமிடங்களுக்குப் பின் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 83 விழுக்காட்டையும் எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. படித்தவர்களிடம் எஞ்சியது 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களிடம் 61 விழுக்காடு. வியப்பு என்னவெனில், ஒரு வாரத்திற்குப் பின்னும் நன்றாக நினைவிருக்கும் என்று மிகுந்த நம்பிக்கையோடு கூறியவர்கள் நான்கு முறை படித்தவர்களே.

இம்முடிவைக் காணொலிக்குப் பொருத்திப் பாருங்கள். பார்க்கும்போது உண்டாகும் தெளிவுணர்வு பொய்யன்று. அது நெடுநாள் நிலைக்கும் என்னும் நம்பிக்கையே பொய். நம் திண்ணைப் பள்ளிகளில் பாடத்தை ஒப்புவிக்கச் செய்த முறையைப் பொருளறியா மனனம் என்று பலரும் பழித்தனர். அப்பழிப்பில் உண்மை உண்டு. ஆயினும் ஏட்டை மூடிவைத்துவிட்டுச் சொல்லச் செய்த ஒரு கூறு மட்டும் அறிவியலின் துணையைப் பெற்றுவிட்டது.

மதிப்பெண்ணோடு இது முடிந்துவிடுவதில்லை. மேற்கூறிய ஐந்து கிளைகளுள் ஒன்றாகிய ஆரை நரம்பு, மேற்கை எலும்பின் பின்புறம் ஒட்டிச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது. இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து அவ்வெலும்பின் நடுப்பகுதி முறிந்தால், அந்நரம்பும் சிதையக்கூடும். சிதைந்தால் மணிக்கட்டை மேலே தூக்க இயலாது, கை தொங்கிவிடும். ஆதலால் மாவுக்கட்டுப் போடுவதற்கு முன்னரே மணிக்கட்டை உயர்த்தச் சொல்லிப் பார்ப்பது மருத்துவரின் கடமை. கட்டுப் போட்டபின் குறையைக் கண்டால், அது விழுந்ததால் வந்ததா, மருத்துவத்தால் வந்ததா என்று அறிவது கடினம். நள்ளிரவில் அவசரப் பிரிவில் தனித்து நிற்கும் இளம் மருத்துவர் எதையும் தேடிப் பார்க்கலாம். திறன்பேசி சட்டைப்பையில்தான் இருக்கும். ஆனால் தேட வேண்டும் என்று தோன்றுவதற்கே, இங்கொரு நரம்பு ஓடுகிறது என்பது நினைவில் இருந்தாக வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

உறக்கத்திற்கும் நினைவுக்கும் உள்ள தொடர்பை ஜென்கின்ஸ், டாலன்பாக் ஆகிய அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1924ஆம் ஆண்டில் ஆராய்ந்தனர். கல்லூரி மாணவர் இருவரைப் பொருளற்ற அசைகளைக் கற்கச் செய்து, சில வேளைகளில் உடனே உறங்கவும் சில வேளைகளில் விழித்திருக்கவும் விட்டனர். உறங்கி எழுந்தபோதே அவர்கள் மிகுதியாக நினைவுகூர்ந்தனர். கற்றதை மூளை நிலைப்படுத்துவதில் உறக்கத்திற்குப் பெரும்பங்கு உண்டு என்பதைப் பிற்கால ஆய்வுகள் விரிவாக நிறுவின. இரவு நெடுநேரம் திரையைப் பார்ப்பதால் இழப்பது அந்த ஒரு மணி நேரத்தை மட்டுமன்று; பகலில் கற்றதன் ஒரு பகுதியையும் சேர்த்துத்தான்.

ஏணியாகும் ஊடகம்

இவ்வளவும் கூறியபின், ஊடகத்தை ஒதுக்கிவிடலாம் என்று முடிவு கட்டுவது எளிது. அவ்வாறு முடிவு கட்டுவோர் ஒரு மாணவரை மறந்துவிடுகின்றனர்.

தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், அரசுப் பள்ளிகளில் படித்து நீட் தேர்வில் தகுதி பெறுவோருக்கு மருத்துவப் படிப்பின் அரசு ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 விழுக்காட்டை உள் ஒதுக்கீடாக வழங்கியது. அதன் வழியே கல்லூரிக்குள் நுழைந்தவர்களில் தமிழ்வழியில் பயின்றோரும் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பை எட்டியோரும் உள்ளனர். தொடையெலும்பு என்று கற்றவர் முதல்நாள் வகுப்பில் ஃபீமர் என்று கேட்கிறார். கல்லீரலுக்கு லிவர் என்னும் சொல்லை அறிந்திருந்தாலும், நூல் அதனோடு தொடர்புடையவற்றை ஹெபாட்டிக் என்கிறது. சிறுநீரகத்தைச் சார்ந்தவற்றை ரீனல் என்கிறது. கருத்து தெரிந்ததே, சொல்தான் புதிது. பேராசிரியர் அடுத்த பக்கத்திற்குச் செல்வதற்குள் இச்சொற்களைக் கடந்தாக வேண்டும்.

ஐம்பது பேருக்கு மேற்பட்ட வகுப்பில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் ஐயம் கேட்கத் தயங்கும் மாணவர், மூத்த மாணவருக்கு வாட்ஸ்அப்பில் தமிழிலேயே கேட்டுவிடுகிறார். வகுப்பில் விரைந்து சென்ற விளக்கத்தை யூடியூபில் நிறுத்தி நிறுத்தி, அகராதியைப் புரட்டியபடி மூன்று முறை கேட்கிறார். விலையுயர்ந்த தனிப்பயிற்சிக்கு வழியில்லாதவருக்கு இவ்விளக்கங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபோது வகுப்புகள் நடந்ததும் இக்கருவியின் வழியேதான். வசதியுள்ள மாணவருக்குத் திறன்பேசி பல வாயில்களுள் ஒன்று; இவருக்கோ சில பாடங்களுக்கு அதுவே வாயில். இருவருக்கும் ஒரே தடையை விதிக்கும் விதி, தாளில் சமமாகத் தோன்றலாம்; பயனில் சமமாக இராது.

ஏணியிலும் உளுத்த படிகள் உண்டு. குழுக்களில் சுற்றிவரும் குறிப்புகளைத் தொகுத்தவர் யாரெனத் தெரிவதில்லை. மருந்தின் அளவில் ஒரு புள்ளி இடம் மாறினால் அளவு பத்து மடங்காகிவிடும். எனவே பகிரப்பட்ட எக்குறிப்பையும் பாடநூலோடு ஒப்பிட்டபின்னரே ஏற்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. உடற்கூறியல் கூடத்தில் கிடத்தப்பட்டிருப்பவை, மாணவர் கற்க வேண்டுமென்று பலர் மனமுவந்து அளித்த கொடை உடல்கள். வார்டில் இருப்போர் நம்மை நம்பி வந்த நோயாளிகள். அவர்களைப் படமெடுத்துப் பகிர்வது குறும்பாகாது. மறைகாக்கும் கடமையிலிருந்து வழுவுவதாகும். 2019ஆம் ஆண்டு முதல் மருத்துவப் பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறவியல், தொடர்பாற்றல் ஆகியவை தனிக்கூறாகவே கற்பிக்கப்படுகின்றன.

திறன்பேசியைச் சட்டைப்பையில் வைப்பதா, அறைக்கு வெளியே வைப்பதா என்பதும் ஆராயப்பட்டுள்ளது. 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், திறன்பேசியை வேறோர் அறையில் விட்டுவந்தவர்கள், மேசைமேல் வைத்திருந்தவர்களைவிடச் சிந்தனைத் தேர்வுகளில் நன்கு செயற்பட்டனர். பின்னர் இதனை மீண்டும் சோதித்த அனைவருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆயினும் அறிவிப்பொலியை நிறுத்திவைக்க எவருடைய சான்றும் தேவையில்லை. ஒருநாள் மாலையில் தாமே செய்து பார்த்துக்கொள்ளலாம்.

வகுப்புக் குழுவையே மீட்டெடுக்கும் பயிற்சிக்களமாக மாற்றவும் வழியுண்டு. விடைக்குறிப்புகளைப் பகிர்வதற்கு மாறாக, நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு ஒரு வினாவை மட்டும் ஒருவர் இடுகிறார். ஏனையோர் நூலை மூடி, திறன்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெள்ளைத் தாளில் விடையை வரைகின்றனர். வரைந்த தாளைத் தவறுகளோடு அப்படியே படமெடுத்துக் குழுவில் இடுகின்றனர். இரண்டாம் வடத்தில் கோடு தவறியவரை நான்காமவர் திருத்துகிறார். அவர் மறந்த கிளையை முதலாமவர் சுட்டுகிறார். ஒன்பது மணிக்குக் குழுவை மூடிவிட்டு, அவரவர் நூலைத் திறக்கின்றனர்.